சிறுநீரகப் பொருத்தம்

ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைப்பதில் அறுவைக் கலை தீர்க்க வேண்டிய சிக்கல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஒரு தமனி, ஒரு சிரை, ஒரு சிறுநீர்க் குழாய் என மூன்றை இணைத்தால் போதும். மெல்லிய ரத்தக் குழாய்களைக் கசிவில்லாமல் தைக்கும் முறையைப் பிரான்ஸின் லியோன் நகரில் அலெக்சிஸ் கேரல் 1902-இல் வெளியிட்டார். ஊசி பிடிக்கும் நுணுக்கத்தை அவர் அந்த ஊரின் பூத்தையல்காரப் பெண் ஒருவரிடம் கற்றிருந்தார். அந்த முறையைக் கொண்டு விலங்குகளில் சிறுநீரகங்களை இடம் மாற்றிப் பார்த்தபோது விந்தையான வேறுபாடு தெரிந்தது. ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதன் உடலிலேயே வேறிடத்தில் வைத்தால் அது தொடர்ந்து சிறுநீர் சுரந்தது. இன்னொரு நாயினுடையதை வைத்தால் சில நாள் சுரந்து, வீங்கி, நின்றுபோனது. தையலில் குறையில்லை. உடல் அதை ஏற்கவில்லை.

மனிதரில் இதை முதலில் முயன்றவர் உக்ரைனின் கெர்சன் நகர மருத்துவர் யூரி வோரோனோய். 1933 ஏப்ரலில், பாதரச நஞ்சால் சிறுநீரகம் செயலிழந்த 26 வயதுப் பெண்ணின் தொடையில், தலைக்காயத்தால் இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை அவர் வைத்தார். கொடையாளரின் ரத்தம் பி வகை, பெண்ணின் ரத்தம் ஓ வகை. இரண்டு நாளில் அந்தப் பெண் இறந்துபோனார். ஓ வகையினரின் ரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்பொருள்கள் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிடுகின்றன. ரத்த வகையை முடிவுசெய்யும் ஏ, பி என்ற சர்க்கரைக் குறிகள் சிவப்பணுக்களில் மட்டுமல்ல, சிறுநீரகத்தின் ரத்தக் குழாய் உட்சுவரிலும் இருக்கின்றன. அதனால்தான் இன்றுவரை பொருத்தம் பார்ப்பதில் முதல் கேள்வி ரத்த வகையாக இருக்கிறது.

ஆனால் ரத்த வகை ஒத்திருந்தும் சிறுநீரகங்கள் அழிந்தன. அதற்கான காரணம் சிறுநீரகத்தில் அல்ல, தோலில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயப்பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டவைக்க முடியுமா என்று ஆராய ஆக்ஸ்போர்டிலிருந்து பீட்டர் மெடவார் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும் அவரும் தீக்காயப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறுசிறு துண்டுகளாக ஒட்டினர். சில நாளில் அவை கருகி உதிர்ந்தன. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது இன்னும் வேகமாக உதிர்ந்தது. இந்த வேகம்தான் துப்பு. அம்மை வந்து போன உடல் அம்மைக் கிருமியை நினைவில் வைத்திருப்பதுபோல, அந்தப் பெண்ணின் உடல் சகோதரரின் திசுவை நினைவில் வைத்திருந்தது. அப்படியானால் நிராகரிப்பு என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. 1943-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில்தான் உறுப்பு மாற்று அறிவியலின் வேர் இருக்கிறது.

அடையாளமே வேறுபடாத இருவருக்கிடையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் விடை கிடைத்தது. பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் ஜோசப் மர்ரி, ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்தானா என்று உறுதிசெய்யக் காவல் நிலையத்தில் கைரேகை எடுக்கப்பட்டது. அதைவிட நம்பகமான சோதனை, ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தது. தோல் ஒட்டியது, சிறுநீரகமும் ஒட்டியது. எந்த மருந்தும் இல்லாமல் ரிச்சர்டு 8 ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில் அவருடைய முதல் சிறுநீரகங்களைக் கெடுத்த அதே அழற்சி நோய் புதியதிலும் வந்தது. முழுப் பொருத்தம் இருந்தாலும் சிறுநீரகம் இழக்கப்படலாம் என்ற செய்தி முதல் வெற்றியிலேயே இருந்தது.

உடல் எதைப் பார்த்துத் தன்னையும் பிறரையும் பிரிக்கிறது? உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்களைப் பார்த்து. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஏ, பி, சி என்ற முதல் வகுப்புப் புரதங்கள் உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் உண்டு. டி.ஆர்., டி.கியூ., டி.பி. என்ற இரண்டாம் வகுப்பு, நோயெதிர்ப்பு அணுக்களிலும் சிறுநீரகத்தின் நுண் ரத்தக் குழாய்களிலும் காணப்படுகிறது. இவற்றின் இயல்பான பணி நிராகரிப்பு அல்ல. உயிரணுவுக்குள் உள்ள புரதங்களின் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டுவதே வேலை. வைரஸ் புகுந்த அணு வைரஸின் துணுக்கைக் காட்டும், அதை டி செல் என்ற வெள்ளணு கண்டு கொல்லும். ஒரே வைரஸ் ஓர் இனத்தையே அழித்துவிடாமலிருக்க இந்த ஏந்திகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருப்பது நல்லது. மனிதரிடம் இதுவரை பதிவாகியுள்ள எச்.எல்.ஏ. வடிவங்கள் 40,000-க்கும் மேல். கொள்ளைநோய்களிலிருந்து காத்த அதே பன்மைதான் உறுப்பு மாற்றத்துக்குத் தடையாக நிற்கிறது.

இந்தப் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்ட விதத்திலேயே பின்னால் வரப்போகும் சிக்கலின் முன்னறிவிப்பும் இருந்தது. 1958-இல் பாரிஸில் ஜான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் சீரம் பிறருடைய வெள்ளணுக்களை ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். அதே காலத்தில் நெதர்லாந்தின் லெய்டனில் யான் வான் ரூடும், அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ரோஸ் பெய்னும் அதே ஆற்றலைப் பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தில் கண்டனர். கருவிலிருக்கும் குழந்தையின் பாதி அடையாளம் தந்தையுடையது. பேறுகாலத்தில் அது தாயின் ரத்தத்தோடு கலக்கும்போது, தாயின் உடல் அதற்கு எதிர்பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. ரத்தமேற்றம், கருத்தரிப்பு, முன்பு பொருத்திய உறுப்பு ஆகிய மூன்றும் உடலில் இப்படி நினைவைப் பதிக்கின்றன.

ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என எச்.எல்.ஏ. மரபணுக்களை மொத்தமாகப் பெறுகின்றனர். எனவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதிப் பொருத்தம். உடன்பிறந்தோரிடையே முழுப் பொருத்தம் அமைய 25 சதவீத வாய்ப்பு, பாதி அமைய 50 சதவீதம், எதுவுமே ஒத்துப்போகாமலிருக்க 25 சதவீதம். சிறுநீரகத்துக்கு வழக்கமாக ஏ, பி, டி.ஆர். மூன்றிலும் இரண்டிரண்டாக ஆறு இடங்களை எண்ணி, எத்தனை ஒவ்வவில்லை என்று 0 முதல் 6 வரை மதிப்பெண் தருகிறார்கள்.

ஒவ்வாத சிறுநீரகம் உள்ளே வந்தால் எதிர்ப்பு இரு வழியில் கிளம்புகிறது. கொடையாளரின் சொந்த வெள்ளணுக்கள் சில சிறுநீரகத்தோடு வந்து சேர்கின்றன. பெறுபவரின் டி செல்கள் அவற்றின் வேற்று எச்.எல்.ஏ.யை நேரடியாகக் கண்டு பெருகுகின்றன. முதல் வாரங்களில் வரும் கடும் நிராகரிப்பு பெரும்பாலும் இவ்வகை. மற்ற வழி மெதுவானது. பெறுபவரின் அணுக்கள் வேற்றுப் புரதத்தை விழுங்கி, துண்டாக்கி, தம் ஏந்திகளில் வைத்துக் காட்டுகின்றன. அதைக் கண்ட டி செல்கள் பி செல்களைத் தூண்ட, எதிர்பொருள்கள் உருவாகின்றன. இது மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ பிறகும் நிகழலாம்.

மிகக் கொடியது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. 1960-களில் சில அறுவைகளில், கவ்விகளை எடுத்து ரத்தத்தைப் பாயவிட்டதும் இளஞ்சிவப்பாக விம்மிய சிறுநீரகம் அறுவை மேசையிலேயே நீலம் பாரித்துச் செத்தது. டென்மார்க்கின் கிஸ்மையர்-நீல்சன் 1966-இல் இதற்கான காரணத்தைக் காட்டினார்: பெறுபவரின் ரத்தத்தில் கொடையாளரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்பொருள்கள் ஏற்கனவே இருந்தன. கண்டறியும் கருவி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தயாராகியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பால் தெரசாகி 1964-இல் உருவாக்கிய சோதனைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும். சிறு குழிகள் கொண்ட தட்டில் கொடையாளரின் வெள்ளணுக்களோடு பெறுபவரின் சீரத்தைக் கலந்து, எதிர்பொருள் ஒட்டிய அணுவைக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதங்களை முயலின் சீரத்திலிருந்து எடுத்துச் சேர்த்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செத்த அணு சாயத்தை ஏற்கும்; அதுவே பாசிட்டிவ். மருத்துவமனைகளில் இன்று கிராஸ்மேட்ச் என்று எல்லோரும் சொல்வது இந்தச் சோதனையின் வழிவந்ததுதான்.

ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான தெரசாகி, போர்க்காலத்தில் சிறுவனாக அரிசோனா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். பின்னர் லண்டனில் மெடவாரிடம் பயின்றவர். 1969-இல் அவரும் சக ஆய்வாளர் பட்டேலும் வெளியிட்ட கணக்கு இத்துறையில் இன்றும் மறக்கப்படாதது. 225 மாற்று அறுவைகளில் கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தவை 30. அவற்றில் 24 சிறுநீரகங்கள் உடனே செயலிழந்தன. நெகட்டிவாக இருந்த 195-இல் உடனே செயலிழந்தவை 8 மட்டுமே. இதன்பின் பாசிட்டிவ் கிராஸ்மேட்சுடன் அறுவை செய்வது தவறு என்பது விதியாயிற்று. உறுப்பு மாற்றத்தில் இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு உயிர்களைக் காத்தது வேறில்லை என்று சொல்லலாம்.

ஆறு இடப் பொருத்தத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. உடன்பிறந்தோரிடையே முழுப் பொருத்தம் தெளிவாக நல்ல பலன் தந்தது. இறந்தவர்களின் சிறுநீரகங்களிலோ, மதிப்பெண்ணுக்கும் விளைவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று தெரசாகி 1970-இல் ஹேக் நகர மாநாட்டில் அறிவித்தார். திசுப் பொருத்தத்தில் நம்பிக்கை வைத்திருந்த துறைக்கு அது அதிர்ச்சி. அவருடைய ஆய்வு நிதி அதைத் தொடர்ந்து நிறுத்தப்பட்டு, பின்னர்தான் திரும்பக் கிடைத்தது. தன் சோதனையின் பயனையே கேள்விக்குள்ளாக்கும் முடிவை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை போற்றத்தக்கது. முடிவு பாதி சரி, பாதி காலத்தின் குறை. அன்றைய வகைப்படுத்தல் துல்லியமற்றது. டி.ஆர். புரதம் அப்போது அறியப்படவேயில்லை. 1973-இல் ஓபெல்ஸும் தெரசாகியும், முன்பு ரத்தமேற்றம் பெற்றவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக நிலைக்கிறது என்ற இன்னொரு புதிரைக் கண்டனர். பல மருத்துவமனைகள் வேண்டுமென்றே ரத்தமேற்றத் தொடங்கின. நல்ல மருந்துகள் வந்ததும் அந்தப் பயன் மங்க, வழக்கமும் மறைந்தது.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளின் வரலாறு தனி அத்தியாயத்துக்குரியது. இங்கே வேண்டிய அளவு இதுதான். 1960-களின் தொடக்கத்தில் அசத்தியோபிரின் வந்தது. டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் அதனோடு ஸ்டீராய்டைச் சேர்த்து, தொடங்கிவிட்ட நிராகரிப்பையும் திருப்பலாம் என்று 1963-இல் காட்டினார். பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரினின் ஆற்றலை ஸ்விட்சர்லாந்தில் போரல் 1976-இல் விவரிக்க, 1980-களில் அது உலகெங்கும் பரவியது. ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து டேக்ரோலிமஸ் பின்தொடர்ந்தது. இவ்விரண்டும் டி செல்லின் பெருக்கக் கட்டளையை உள்ளேயே தடுக்கின்றன. முதலாண்டு முடிவில் வேலை செய்யும் சிறுநீரகங்களின் பங்கு இன்று நல்ல மையங்களில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. விலையும் உண்டு: தொற்றுகள், தோல் புற்றுநோய், தான் காக்க வந்த சிறுநீரகத்தையே டேக்ரோலிமஸ் நாளடைவில் கெடுப்பது.

மருந்துகள் வலுத்தபின் பொருத்தத்தின் எடை எவ்வளவு? 1995-இல் தெரசாகி குழு அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து வெளியிட்ட எண்கள் பலரை வியக்கவைத்தன. மூன்றாண்டு முடிவில், கணவனோ மனைவியோ தந்த 368 சிறுநீரகங்களில் 85 சதவீதம் வேலை செய்தன. பெற்றோர் தந்தவற்றில் 82 சதவீதம். இறந்தோரிடமிருந்து வந்தவற்றில் 70 சதவீதம். தம்பதியருக்குள் சராசரியாக ஆறில் நான்கு இடங்கள் ஒவ்வாதவை, ஆயினும் பாதிப் பொருத்தமுள்ள தாய் தந்தையருக்கு அவர்கள் எவ்விதத்திலும் குறையவில்லை. விளக்கம் மரபணுவில் இல்லை, சிறுநீரகத்தின் நலத்தில் இருக்கிறது. உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் மூளைச்சாவின் ரசாயனக் கொந்தளிப்பைச் சந்திப்பதில்லை. பல மணி நேரம் பனிக்கட்டியில் கிடப்பதுமில்லை. அடிபட்ட சிறுநீரகம் அபாயக் குறிகளை அனுப்பி நோயெதிர்ப்பை அழைக்கிறது, அடிபடாதது அமைதியாக வந்து சேர்கிறது.

இதைக் கொண்டு பொருத்தமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது பிழை. 1987 முதல் 2013 வரை அமெரிக்காவில் நடந்த, இறந்தோர் தந்த சிறுநீரக மாற்றங்கள் 1,89,141-ஐ ஆராய்ந்தபோது, ஓரிடம் ஒவ்வாதபோது இழப்பு அபாயம் 13 சதவீதமும் ஆறிடமும் ஒவ்வாதபோது 64 சதவீதமும் கூடியிருந்தது. தனி ஒருவரின் முதலாண்டில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, ஆயிரம் பேரின் பத்தாண்டில் தெரிகிறது.

காத்திருப்போர் பட்டியலில் பொருத்தத்துக்கு மதிப்பெண் தருவதில் நீதி சார்ந்த கேள்வியும் எழுந்தது. எச்.எல்.ஏ. வடிவங்கள் மக்கட்குழுவுக்குக் குழு வேறுபடும். அமெரிக்காவில் கொடையாளர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர். பொருத்தத்துக்கு அதிக மதிப்பெண் தரும் பட்டியலில், சிறுநீரக நோய் மிகுந்திருந்த கறுப்பினத்தவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இதை ஆராய்ந்த பின் 2003-இல் பி புரதப் பொருத்தத்துக்கான மதிப்பெண் நீக்கப்பட்டது. உயிரியலில் சிறு லாபம் தரும் ஒன்று, பங்கீட்டில் பெரும் அநீதியாக முடியலாம் என்பதை அந்த நாடு தரவுகளைக் கொண்டே ஒப்புக்கொண்டது முக்கியமான திருப்பம்.

1990-கள் வரை நிராகரிப்பின் முதன்மைக் குற்றவாளியாக டி செல்லே கருதப்பட்டது. ஆண்டுகள் கழித்து மெல்லச் சாகும் சிறுநீரகங்களுக்கு ‘நாள்பட்ட தேய்வு’ என்று பொதுவாகப் பெயரிட்டு விட்டுவிடுவார்கள். கனடாவின் பான்ஃப் ஊரில் 1991-இல் கூடிய நோய்க்குறியியல் வல்லுநர்கள் பயாப்ஸியைப் படிக்க ஒரே அளவுகோலை வகுத்தனர். பின்னர் சி4டி என்ற புரதத் துணுக்குக்குச் சாயமிடும் முறை சேர்ந்தது. எதிர்பொருள் தாக்கிய நுண்குழாய்ச் சுவரில் காம்ப்ளிமென்ட் விட்டுச்செல்லும் காலடித் தடம் அது. எச்.எல்.ஏ. புரதங்களை ஒவ்வொன்றாகப் பூசிய நுண்மணிகளால் எதிர்பொருளை அளக்கும் லூமினெக்ஸ் சோதனையும் வந்தது. பழைய தட்டுச் சோதனைக்குத் தென்படாதவை இப்போது பெயரோடு தெரிந்தன.

கனடாவின் வின்னிபெக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதன் ஆழத்தைக் காட்டியது. தொடக்கத்தில் கொடையாளருக்கு எதிரான எதிர்பொருள் இல்லாத 315 பேரில், 15 சதவீதத்தினருக்கு அது பின்னர் புதிதாகத் தோன்றியது, சராசரியாக நான்கரை ஆண்டு கழித்து. அவர்களுடைய சிறுநீரகங்களில் பத்தாண்டு நிலைத்தவை 57 சதவீதம், தோன்றாதவர்களில் 96 சதவீதம். யாருக்குத் தோன்றியது? டி.ஆர். ஒவ்வாதவர்களுக்கும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கும். உடல்நலம் தேறிய ஐந்தாம் ஆண்டில் மாத்திரை தவறுவது சோம்பல் மட்டுமல்ல. மருந்தின் விலை, வேலையிடம், பக்கவிளைவு எல்லாம் அதில் உண்டு. பாரிஸ் குழு 2013-இல் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது: எல்லா எதிர்பொருளும் ஒன்றல்ல. அறுவைக்குப் பின் காம்ப்ளிமென்டைப் பிடிக்கும் எதிர்பொருள் இருந்தவர்களிடம் ஐந்தாண்டு நிலைத்தவை 54 சதவீதம். பிடிக்காத எதிர்பொருள் இருந்தவர்களிடமோ அது 93 சதவீதம், எதிர்பொருளே இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய இணை.

எதிர்பொருள் முழு எச்.எல்.ஏ. புரதத்தையும் பார்ப்பதில்லை, அதன் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் கூடிய சிறு திட்டைத்தான் பற்றுகிறது. பிட்ஸ்பர்கில் ரெனே டுகெனாய் இந்தத் திட்டுகளுக்கு எப்லெட் என்று பெயரிட்டு, அவற்றை ஒப்பிடும் கணினி நிரலையும் எழுதினார். இந்தக் கண்ணோட்டத்தில் ‘ஓரிடம் ஒவ்வாமை’ என்பது எப்போதும் ஒரே அளவல்ல. பெயர் வேறான இரு டி.ஆர். புரதங்கள் ஒரு திட்டில் மட்டும் வேறுபடலாம், இருபது திட்டுகளிலும் வேறுபடலாம். எச்.எல்.ஏ.வுக்கு வெளியேயும் அடையாளங்கள் இருக்கின்றன. லிம்ஸ்1 மரபணுவின் அருகே ஒரு துண்டு பெறுபவரின் இரு பிரதியிலும் இல்லாமல், கொடையாளரிடம் இருந்தால் நிராகரிப்பு கூடுகிறது என்று 2019-இல் கண்டறியப்பட்டது. முழு எச்.எல்.ஏ. பொருத்தமுள்ள உடன்பிறந்தோருக்கும் மருந்து தேவைப்படுவதற்கு இத்தகைய சிறு வேறுபாடுகளே காரணம்.

ரத்தத்தில் பலவகை எதிர்பொருள்கள் நிறைந்தவர்களுக்கு நூறு கொடையாளரில் ஒருவர்கூட ஒத்துவராமல் போகலாம். பிள்ளை பெற்ற பெண்கள் இதில் அதிகம். இந்தியாவில் சிறுநீரகம் தரும் உறவினர்களில் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாருமே. அதே பெண்ணுக்குச் சிறுநீரகம் தேவைப்படும்போது, கணவர் தர முன்வந்தாலும், அவருடைய பிள்ளைகளைச் சுமந்த நினைவே கிராஸ்மேட்சைப் பாசிட்டிவ் ஆக்கிவிடக்கூடும். இப்படிச் சிக்கியவர்களுக்கு ஒரு வழி பரிமாற்றம்: பொருந்தாத இரண்டு இணைகள் கொடையாளரை மாற்றிக்கொள்வது. பெலிக்ஸ் ராப்பபோர்ட் 1986-இல் முன்வைத்த இந்த யோசனையைத் தென்கொரியா 1991-இல் நடைமுறையாக்கியது. பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் கூட்டாளிகளும் அதற்குக் கணிதம் அமைத்தனர். இந்தியச் சட்டம் 2011 திருத்தத்தில் இதற்கு இடமளித்தது. லெய்டனில் பிரான்ஸ் கிளாஸ் தொடங்கிய திட்டம் தேடலையே திருப்பிப் போட்டது. எது கூடாது என்று பட்டியலிடுவதை விட்டு, நோயாளியின் ரத்தம் ஒருபோதும் எதிர்க்காத வேற்று வடிவங்கள் எவை என்று தேடியது. இறந்த கொடையாளர்கள் அரிதான ஜப்பான், ரத்த வகைத் தடையையே கடந்தது. முன்கூட்டியே எதிர்பொருளை வடித்தெடுத்துவிட்டுப் பொருத்தினால், சில வாரங்களில் எதிர்பொருள் திரும்பி வந்தாலும் சிறுநீரகம் அதற்கு இணங்கி வாழ்ந்துவிடுகிறது. எச்.எல்.ஏ. எதிர்பொருளிடம் இந்த இணக்கம் எளிதில் கிடைப்பதில்லை. தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் நொதியிலிருந்து உருவான இம்லிஃபிடேஸ் என்ற மருந்து, சில மணி நேரத்தில் அவ்வெதிர்பொருள்களை வெட்டிவிடுகிறது. அது 2020-இல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. சில நாளில் உடல் மீண்டும் எதிர்பொருள் உண்டாக்குவதால், அந்த இடைவெளி அறுவைக்கு மட்டும் போதும்.

மருந்தே இல்லாமல் வேற்றுச் சிறுநீரகத்தை உடல் தனதாக ஏற்கச் செய்யும் முயற்சியில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2008-இல் ஒரு முடிவை அறிவித்தது. பாதி மட்டும் பொருந்திய ஐந்து நோயாளிகளுக்கு, சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் எலும்பு மஜ்ஜையும் தரப்பட்டது. நால்வர் 9 முதல் 14 மாதத்தில் எல்லா மருந்தையும் நிறுத்தினர். எஞ்சிய ஒருவரின் சிறுநீரகத்தை எதிர்பொருள்கள் அழித்தன. அதன்பின் பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் சிகிச்சையில் சேர்க்கப்பட்டது. பிறகு பத்துப் பேராக விரிந்த இந்தத் தொடரில் ஏழு பேர் நான்கு ஆண்டோ அதற்கு மேலோ மருந்தின்றி இருந்தனர். அவர்களில் மூவர் மீண்டும் மருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காரணங்கள் இரண்டு: மெல்லத் திரும்பிவந்த எதிர்பொருள், ரிச்சர்டு ஹெரிக்குக்கு நேர்ந்ததுபோல் புதுச் சிறுநீரகத்திலும் தலைகாட்டிய பழைய நோய்.